ரெண்டு கிலோ செவ்வாய்க் காற்று

குமுதாவைக் கல்யாணங்களுக்குக் கூப்பிடச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண் வெள்ளைப் புகைக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தாள். மண்டபமே போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. குமுதா மட்டும் மேஜையில் இருந்தவர்களுக்குப் பாடம் எடுத்தாள். "இது டிரை ஐஸ். உறைஞ்சு போன கார்பன் டை ஆக்சைடு. செவ்வாய் கிரகத்துக் காத்துல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு இதேதான்" என்றாள்.

அடுத்த மேஜையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை காதில் "செவ்வாய்" மட்டும் விழுந்தது. "பொண்ணுக்குச் செவ்வாய் தோஷமா? இல்லைன்னுதானே சொன்னாங்க?" என்று அவர் எழுந்துவிட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் தாலி கட்டியே முடிந்துவிட்டது.

அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் ஒருவர்தான். புகைக்கு ஏற்பாடு செய்திருந்த கிள்ளான் ஜெயராஜ். மண்டப அலங்காரம் அவர் தொழில். சிரித்து முடித்துவிட்டுத் தன் கார்டை குமுதாவிடம் நீட்டினார். அவளும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

குமுதா அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. வீடு சாலாக் செலாத்தானில். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் பூச்சோங்கில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான். கூட்டாளி ஆனந்த், பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவன். மின்சார வேலைகள் அவன் பொறுப்பு. கவலைப்படுவதும் அவன் பொறுப்பு.

இருவரும் ஐந்து வருஷமாக ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தார்கள். அரிசி குக்கர் அளவுதான் இருக்கும். உள்ளே பத்துப் பீங்கான் தகடுகள் அடுக்காக இருந்தன. அவற்றை எண்ணூறு டிகிரிக்குச் சூடாக்கி, மின்சாரம் கொடுத்து, ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடை விட்டால், தகடுகள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிய்த்து மறுபக்கம் அனுப்பும். மிச்சமாக வரும் கார்பன் மோனாக்சைடு விஷம். அது தனிக் குழாயில் போய்ச் சின்ன பர்னரில் எரிந்துவிடும். செவ்வாய்க்குப் போகிறவர்கள் ஆக்சிஜனை இங்கிருந்து சுமந்து போகாமல், அங்கே இருக்கிற காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை.

பெட்டி மணிக்கு ஒன்பது கிராம் ஆக்சிஜன் கொடுத்தது. "ஒரு ஆளுக்குப் பத்தாது. மூணு பூனைக்குப் போதும்" என்பான் ஆனந்த்.

அந்த மூன்று பூனை அளவு ஆக்சிஜனைப் பார்க்கத்தான் ஒரு பன்னாட்டு விண்வெளி ஆய்வு நிதியிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறார்கள். சாயங்காலம் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் மூன்று மாதப் பரிசோதனைக்குப் பெட்டியை எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு நாலு வருஷம் கழித்து.

அந்த ஞாயிறு காலை ஆறரைக்குப் பெட்டி எண்ணூறு டிகிரியைத் தொட்டது. புது சிலிண்டரைத் திறந்துவிட்டு குமுதா ஆக்சிஜன் அளவைப் பார்த்தாள். பூஜ்யம். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தாள். அதே பூஜ்யம்.

"வயரிங்தான். எனக்குத் தெரியும், நேத்தே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான் ஆனந்த்.

அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் கத்துவதற்காக ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தார்கள். குமுதா அதை எடுத்து சிலிண்டர் குழாயின் வாயில் பிடித்தாள். அலறியிருக்க வேண்டிய மீட்டர் சும்மா இருந்தது.

"மீட்டரும் போச்சு" என்றான் ஆனந்த்.

கீழே மளிகைக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. குமுதா இறங்கிப் போய் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பொட்டலம் வாங்கி வந்து, தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, தெளிந்த நீரில் அந்தக் குழாயை விட்டாள். கார்பன் டை ஆக்சைடு என்றால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்க வேண்டும். குமிழ் குமிழாக வந்தது, தண்ணீர் வெளுக்கவில்லை.

"வேற கேஸ் அனுப்பிட்டாங்க" என்றாள். "சிலிண்டர் மேல எழுத்து சரியா இருக்கு. உள்ள இருக்கறது சரியில்ல."

சீனப் புத்தாண்டின் ஐந்தாம் நாள் அது. விடுமுறை என்னவோ ரெண்டு நாள்தான். ஆனால் பூச்சோங்கில் சீனர்கள் நடத்தும் கேஸ் கடை, வெல்டிங் கடை, இரும்புச் சாமான் கடை எதுவுமே ஒரு வாரத்துக்குத் திறக்காது. ஆனந்த் ஒன்பது பேருக்குப் போன் போட்டான். ஒருவர் மட்டும் எடுத்தார். அவரும் ஈப்போவில் மாமியார் வீட்டில் இருந்தார்.

"வெளியில தீயணைப்பான் தொங்குது. அதுக்குள்ள இருக்கறது கார்பன் டை ஆக்சைடுதான்" என்றான் ஆனந்த்.

"எண்ணூறு டிகிரி அடுப்பு எரியற ரூம்ல, விருந்தாளிங்களை உக்கார வச்சுட்டு, தீயணைப்பானைக் காலி பண்ணச் சொல்றியா?"

"அப்ப பாசார்ல இருக்கற எலுமிச்சம்பழத்தை எல்லாம் வாங்கிட்டு வந்து, சோடா உப்புல பிழியலாம்."

"ஆனந்த்."

"இல்லன்னா போன வாரம் எடுத்த அளவுகளைத் திரையில ஓட விடலாம். அதுவும் நம்ம மெஷின் கொடுத்ததுதானே. பொய் இல்ல லா."

குமுதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் வரவில்லை. கைப்பையைக் கவிழ்த்து ஜெயராஜின் கார்டைத் தேடினாள்.

ஜெயராஜ் முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நான் குமுதா. போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாணத்துல..."

"செவ்வாய் அக்காவா?" என்றார் அவர். "சொல்லுங்க."

"உங்ககிட்ட டிரை ஐஸ் இருக்கா? ரெண்டு கிலோ போதும்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "இருக்கு. ஆனா நானே அழுதுக்கிட்டு இருக்கேன். ஐஸ் கம்பெனி சாத்தறதுக்கு முன்னால வாங்கி அஞ்சு நாளா பெட்டியில வச்சிருந்தேன். இன்னைக்குத் திறந்து பாத்தா பாதி காணோம். பொண்ணு நடந்து வர்றது நாப்பது அடி. இருக்கறது இருபது அடிக்குக்கூட வராது. இதுல ரெண்டு கிலோ உங்களுக்குக் கொடுத்தா, பொண்ணு முழங்கால் வரைக்கும்தான் தேவதையா தெரியும்."

"எத்தனை மணிக்கு அண்ணே பொண்ணு வர்றாங்க?"

"எட்டே முக்கால்."

"நான் வரேன். இருக்கற ஐஸ்லயே நாப்பது அடி மேகம் நான் போட்டுத் தரேன். மிச்சம் இருந்தா எனக்குக் கொடுங்க."

ஆனந்தைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு, அவள் அந்த மீட்டரோடு மைவி காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பறந்தாள். விடுமுறைச் சாலை காலியாக இருந்தது. ஏழரைக்கெல்லாம் மண்டபத்தின் பின்வாசலில் நின்றாள்.

ஜெயராஜ் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே கழுத்தில் டேப்போடு நின்றார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, காதில் ஒரு பூ. முதல் வேலையாக அவளை ஓரமாக இழுத்துப்போனார். "அக்கா, ஒரே ஒரு விஷயம். அந்தக் கிரகத்துப் பேரை மட்டும் இங்க சொல்லிடாதீங்க. பொண்ணோட அம்மா ஜாதகத்துல ரொம்ப கண்டிப்பு."

குமுதா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பூச்சரங்களும் அதே பெட்டியில்தான் கிடந்தன. "எந்தத் தண்ணியில போடறீங்க?"

"குழாய்த் தண்ணிதான்."

"அங்கதான் தப்பு. நாம பாக்கற வெள்ளைப் புகை இந்த கேஸ் இல்ல அண்ணே. கேஸ் கண்ணுக்கே தெரியாது. ஐஸோட குளிர் பட்டு, தண்ணியோட ஆவி பொடிப்பொடித் துளியா மாறுது. அதுதான் மேகம். பச்சைத் தண்ணியில ஆவி ரொம்பக் கம்மி. சமையல் கட்டுல வெந்நீர் கேளுங்க. கொதிக்கக் கொதிக்க வேணாம். ரொம்பச் சூடா போனா மேகம் தரையில நிக்காம மேல ஏறிடும். ஆத்தின டீ சூடு போதும்."

சமையல் கட்டில் சாம்பாருக்கு வைத்திருந்த வெந்நீர் அண்டா ஒன்று இடம் மாறியது. சமையல்காரர் முறைத்தார், ஜெயராஜ் கும்பிட்டார். பாதையின் இருபுறமும் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிகளை குமுதா ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒரு கைப்பிடி ஐஸை வாளியில் போட்டுப் பார்த்தார்கள். பாலைப் பொங்கவிட்ட மாதிரி வெள்ளையாக வழிந்து, தரையோடு தரையாகப் பத்தடி ஓடியது. ஜெயராஜ் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பதினாலு வருஷமா பச்சைத் தண்ணியில போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக.

அப்போதுதான் பட்டுப் பாவாடை கட்டிய இரண்டு பெண் குழந்தைகள் பூக்கூடையோடு வந்து வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாலு வயது இருக்கலாம். குமுதாவின் கையிலிருந்த மீட்டர், அவள் எழுந்திருக்கும்போது முழங்கால் உயரத்தில் தொங்கி, கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"இந்தப் பிள்ளைங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

"மேகத்துக்குள்ள" என்றது ஒரு குரல். பெண்ணின் அம்மா தனலெட்சுமி. அரக்குப் பட்டும் கையில் நிகழ்ச்சி நிரலுமாக வந்திருந்தார். "மேகம் வந்ததும் உள்ள இருந்து எழுந்து பூப் போட்டுக்கிட்டே வரணும். ஒரு மாசமா பழக்கியிருக்கோம். நீங்க யாரு, கேட்டரிங்கா?"

"ஆன்டி, இவங்க கேஸ் டாக்டர்" என்றார் ஜெயராஜ்.

"இந்தக் காத்து கனமானது ஆன்டி. கீழேயே தங்கும்" என்றாள் குமுதா. "நம்ம உயரத்துக்கு ஒண்ணும் ஆகாது. உக்காந்திருக்கற பிள்ளைங்க மூக்குக்கு நேரா நிக்கும். தலை சுத்தும், மயக்கம் வரும். மேகத்துக்குள்ள இவங்களை உக்கார வைக்கக் கூடாது."

"எங்க எல்லாக் கல்யாணத்துலயும் இப்படித்தான் செய்யறாங்க."

குமுதா மீட்டரைத் தனலெட்சுமியின் இடுப்புக்கு நேராகப் பிடித்தாள், பேசாமல் இருந்தது. மெதுவாகக் கீழே இறக்கினாள். குழந்தையின் முகத்துக்கு நேராக வந்ததும் கத்தியது. மறுபடி ஏற்றினாள், நின்றது. இறக்கினாள், கத்தியது. குழந்தைகளுக்கு அது பிடித்துப்போய், இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள்.

தனலெட்சுமி சிரிக்கவில்லை. பிறகு நிகழ்ச்சி நிரலில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "பிள்ளைங்க முன்னால போயி மேடையில ஏறி நிக்கட்டும். அப்புறம் மேகம். பின் கதவைத் திறந்து வையுங்க." இரண்டு குழந்தைகளையும் அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார். போகும்போது திரும்பி, "நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். அது உத்தரவு மாதிரிதான் இருந்தது.

எட்டே முக்காலுக்கு நாதஸ்வரம் முழங்கியது. கதவு திறந்தது. நாற்பது அடியும் மேகம், ஒரு திட்டுக்கூட விடாமல். பெண் நடந்து வந்தபோது முன்வரிசையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். ஜெயராஜ் தூணுக்குப் பின்னால் நின்று தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியில் இன்னும் நாலு கிலோ மிச்சம் இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க அக்கா. பெட்டியோட எடுத்துக்குங்க" என்றவர், "வேற என்ன வேணும்?" என்றும் கேட்டார்.

குமுதா சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஒரு பெரிய பலூன். அப்புறம் சமையல் கட்டுல சின்ன பிரஷர் குக்கர் இருந்தா இரவல்."

உள்ளே கேஸ் தேங்காமல் இருக்கக் கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கூந்தல் காற்றில் பறக்க, பத்து மணிக்கு அவள் பூச்சோங் வந்து சேர்ந்தாள். வாழை இலையில் கட்டிக் கொடுத்த சாப்பாடும் பின் சீட்டில் இருந்தது. தனலெட்சுமி சும்மா விடவில்லை.

ஆனந்த் குக்கரைப் பார்த்தான். பலூனைப் பார்த்தான். இருவரும் வேலையில் இறங்கினார்கள். குக்கருக்குள் ஐஸ் துண்டுகள். வெயிட் போடுகிற குழாயில் ரப்பர் குழாய். அது ஈரம் உறிஞ்சும் குப்பி வழியாகப் பெட்டிக்கு. ஐஸ் ஒரே சீராகக் கரையாது. ஒரு நேரம் குபுகுபுவென்று வரும், ஒரு நேரம் மந்தமாகும். அதற்குத்தான் பலூன். நடுவில் அதைக் கோத்துவிட்டால், அதிகம் வரும்போது உப்பி, குறையும்போது சுருங்கி, பெட்டிக்குப் போகிற காற்றை ஒரே அளவில் வைத்திருக்கும்.

பத்து ஐம்பதுக்குத் திரையில் எண் அசைந்தது. நாலு கிராம். ஆறு. எட்டரை.

"துணி போட்டு மூடிடலாமா? குக்கரை மட்டும்?" என்றான் ஆனந்த்.

"மூடினா இன்னும் பயப்படுவாங்க. இருக்கட்டும்."

பதினொரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். குழுவின் தலைவி டாக்டர் நாச்சம்மை, ஐம்பதைத் தாண்டியவர், கிள்ளானில் பிறந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். கூட வந்த இருவரில் ஒருவர் ஜப்பானியர், மற்றவர் உயரமான ஜெர்மன்காரர். மூவரும் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்கள். அறை முழுக்க மல்லிகை வாசம்.

ஜெர்மன்காரர் நேராகப் பலூனிடம் போனார். இளஞ்சிவப்புப் பலூன் மெல்ல உப்பிச் சுருங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் தங்க எழுத்தில் 'ரிஷி – ஜனனி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. ரிஷியும் ஜனனியும் யார், திட்டத்தில் பங்காளிகளா என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

ஆனந்த் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்ல. இன்னைக்குக் காலையில கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க" என்று ஆங்கிலத்தில் சொன்ன குமுதா, ஆறரை மணிக்கு சிலிண்டரைத் திறந்ததிலிருந்து நடந்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வெந்நீரைச் சொன்னாள், குழந்தைகளைச் சொன்னாள். எதையும் விடவில்லை.

ஜப்பானியர் குக்கரின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து குழாயை விரலால் தொடர்ந்து போனார். டாக்டர் நாச்சம்மை ஆக்சிஜன் வெளிவரும் குழாயைக் காட்டினார். "திரையில எண் வருது. திரையில எதுவும் வர வைக்கலாம். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது இருக்கா?" தமிழில் கேட்டார்.

குமுதா ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்தக் காற்றைக் கொஞ்ச நேரம் பிடித்தாள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஊதி அணைத்து, நுனியில் கங்கு மட்டும் இருக்க, குடுவைக்குள் விட்டாள். கங்கு பொசுக்கென்று வெளுத்து, தீபமாக எரிந்தது. வெளியே எடுத்து ஊதினாள், உள்ளே விட்டாள், மறுபடி எரிந்தது. டாக்டர் நாச்சம்மை கையை நீட்டி, "நான் ஒரு தடவை" என்று வாங்கிக்கொண்டார். மூன்று தடவை செய்தார்.

பிறகு ஜெர்மன்காரர் அவர்கள் அனுப்பியிருந்த விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். பருவநிலை மாற்றத்துக்கும் இந்த இயந்திரம் தீர்வாகும் என்று அதில் எழுதியிருந்தது. எப்படி என்று கேட்டார்.

ஆனந்தின் காது சிவந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவன் அவன்.

"இன்னைக்கு நிலைமையில ஆகாது" என்றாள் குமுதா. "இங்க வர்ற மின்சாரத்துல பெரும் பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரிச்சு வர்றது. அதை வச்சு இந்தப் பெட்டியை ஓட்டினா, நாங்க உடைக்கற கார்பன் டை ஆக்சைடைவிட அங்க புகைபோக்கியில வர்றது ஜாஸ்தி. வெயிலை வச்சு ஓட்டணும். அப்பக்கூட ஆக்சிஜனை விட, மிச்சமா வர்ற கார்பன் மோனாக்சைடுதான் இங்க பிரயோஜனம். இப்ப அதை எரிச்சு வீணாக்கறோம். பிடிச்சு வச்சா எரிபொருள் செய்யலாம், பிளாஸ்டிக் செய்யலாம். அது அடுத்த வேலை. இன்னும் தொடங்கலை."

டாக்டர் நாச்சம்மை பேனாவை எடுத்து மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரிகளை அடித்தார். அதை குமுதா தலைகீழாகப் பார்த்தாள்.

போகும்போது டாக்டர் வாசலில் நின்றார். "சுத்தமான சிலிண்டர் கேஸ்ல ஓடற மெஷின் இந்த வருஷம் ஆறு பார்த்துட்டேன். ஏத்தமும் இறக்கமுமா, பூ வாசத்தோட வர்ற காத்துல ஓடினது இது ஒண்ணுதான். அங்கயும் காத்து சுத்தமா இருக்கப் போறதில்ல, தூசிதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த வாழை இலையில என்ன?" என்றார்.

"கல்யாணச் சாப்பாடு."

"பாயசம் இருக்கா?"

இருந்தது. விமானத்துக்கு இன்னும் நேரமும் இருந்தது. மூன்று பேரும் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. மூன்று மாதப் பரிசோதனைக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பருவநிலை பற்றி எழுத வேண்டுமானால் சூரிய மின்சாரத்தில் ஓட்டிக் காட்டிய பிறகு எழுதலாம் என்று ஒரு வரி கூடவே இருந்தது. ஆனந்த் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். அன்றைக்கு மத்தியானமே ஏணியை வைத்துக்கொண்டு மளிகைக் கடைக் கூரையின் நீள அகலத்தை அளக்க ஏறிவிட்டான். கடைக்காரர் கீழே நின்று, ஓடுகளை மிதிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். குமுதா ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல எண்களைக் குறித்துக்கொண்டாள்.